ஊராட்சிக்குத் தெரியாத ஊர்

நலத்திட்டம் எட்டியவர்களை ஏடுகள் அறியும். எட்டாதவர்களை அறியும் ஏடு எது? தமிழகக் கிராமங்களின் வாழ்வாதாரத் தரவுகளில் உள்ள இடைவெளிகள் பற்றிய சிறப்புக் கட்டுரை.

தமிழ்நாட்டில் வறுமை எவ்வளவு என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. வறியவர் யார், எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கு அத்தகைய விடை இல்லை. நிதி ஆயோக் கணிக்கும் பன்முக வறுமைக் குறியீட்டின்படி, அதாவது வருமானத்தை மட்டும் பாராமல் ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, குடிநீர், சமையல் எரிபொருள், வீடு முதலியவற்றில் ஒரு குடும்பத்துக்கு உள்ள குறைகளைச் சேர்த்து அளக்கும் முறையின்படி, மாநில மக்களில் 2.2 விழுக்காட்டினர் வறியவர்கள். இந்த விழுக்காட்டை எடுத்துக்காட்டிய மாநில அரசு, மிகவும் வறிய 5 இலட்சம் குடும்பங்களை இரண்டு ஆண்டுகளில் வறுமையிலிருந்து மீட்பதற்கான 'முதலமைச்சரின் தாயுமானவர் திட்ட'த்தை 2024–25 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. ஆனால் அந்தக் குடும்பங்கள் எந்த ஊராட்சியில், எந்தக் குக்கிராமத்தில் வாழ்கின்றன என்பதை அக்குறியீடு சொல்லாது. அது மாதிரி ஆய்வு ஒன்றிலிருந்து பிறந்த மதிப்பீடு என்பதால், சொல்லவும் இயலாது.

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தீட்டும் பொறுப்பை ஊராட்சிகளுக்கு வழங்குவதற்கான வழி 243 'ஜி' பிரிவின் மூலம் திறந்தது. பதினோராம் அட்டவணை வேளாண்மை, சிறு பாசனம், வறுமை ஒழிப்பு உள்ளிட்ட 29 துறைகளை அப்பொறுப்புக்கு உரியவையாக வரிசைப்படுத்தியது. திட்டம் தீட்டுவதற்கு முன்னால் ஊரின் நிலை தெரிந்திருக்க வேண்டும். ஊராட்சி எல்லைக்குள் நிலமற்ற குடும்பங்கள் எத்தனை, ஆண்டில் சில மாதங்கள் வெளியூர் செல்வோர் எவர், எந்தத் தெருவின் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நிற்கிறார்கள் என்ற எளிய கேள்விகளுக்குப் பதில் தரும் ஆவணம் ஊராட்சி அலுவலகத்தில் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

கிராமத்தில் ஏடுகளுக்குப் பஞ்சமில்லை என்பதுதான் இதில் உள்ள முரண். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சி செயலர், அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதாரச் செவிலியர், பள்ளித் தலைமையாசிரியர், நியாயவிலைக் கடை விற்பனையாளர், மகளிர் குழுக் கூட்டமைப்பு என ஒவ்வொருவரும் தத்தம் பதிவேட்டை வைத்திருக்கின்றனர். இவை வரி வசூல், பட்டா, உதவித்தொகை, சத்துணவு போன்ற ஏதேனும் ஒரு நிர்வாகச் செயலின் துணைவிளைவாகத் தோன்றியவை. வரி கட்டுபவரும் பட்டா உடையவரும் விண்ணப்பித்தவரும் பதிவாகின்றனர். நிர்வாகத்தோடு தொடர்பு ஏற்படாதவர் பதிவாவதில்லை. ஆகவே தரவின் இடைவெளி தற்செயலாக எங்கோ விழுவதில்லை. நிலமற்றவர், வாய்மொழிக் குத்தகைதாரர், இடம்பெயர்பவர், சான்றிதழ் இல்லாதவர் ஆகியோர் நிற்கும் இடங்களிலேயே அது திரும்பத் திரும்ப விழுகிறது.

ஓர் ஊர், மூன்று எல்லைகள்

முதல் சிக்கல் 'கிராமம்' என்ற அலகிலேயே தொடங்குகிறது. வருவாய்த் துறைக்குக் கிராமம் என்பது புல எண்களால் வரையறுக்கப்பட்ட நிலப்பரப்பு. இதுவே வருவாய்க் கிராமம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தமிழ்நாட்டில் இந்த அலகையே பின்பற்றுகிறது. 2011 கணக்கெடுப்பில் இத்தகைய கிராமங்கள் ஏறத்தாழ 16 ஆயிரம். உள்ளாட்சி நிர்வாகத்தின் அலகு கிராம ஊராட்சி. அவை ஏறத்தாழ 12,500. மக்கள் தம் ஊர் என்று சொல்லும் குடியிருப்புத் தொகுதியோ குக்கிராமம். ஊரக வளர்ச்சித் துறையின் கணக்கில் அவை ஏறத்தாழ 79 ஆயிரம். ஓர் ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய்க் கிராமங்கள் அடங்குவதும், ஒரே வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிகளுக்கிடையே பிரிந்து கிடப்பதும் உண்டு.

இதன் விளைவு வெறும் வரைபடக் குழப்பத்தோடு நிற்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தரும் எழுத்தறிவு, தொழில், பட்டியல் சாதியினர் எண்ணிக்கை ஆகியவற்றை ஊராட்சி தன் எல்லைக்குப் பொருத்திக் கூட்டிக்கொள்ள எளிய வழி இல்லை. குக்கிராமங்களுக்கு இடையிலான வேறுபாடோ கணக்கெடுப்பு வெளியிடும் அட்டவணைகளில் முற்றிலும் மறைந்துவிடுகிறது. 2011ஆம் ஆண்டின் கிராமப்புற மக்கள்தொகையான 3.72 கோடியை ஊராட்சிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் ஊராட்சிக்குச் சராசரி 3,000 பேர் வருகின்றனர். அந்த 3,000 பேரும் ஐந்தாறு குடியிருப்புகளில் சாதியாலும் நிலவளத்தாலும் வேறுபட்டு வாழ்கின்றனர்.

அந்த எண்களும் பழையவை. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடைபெறும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. 15ஆவது நிதிக்குழு உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பகிர்ந்தபோது மக்கள்தொகைக்கு 90 விழுக்காடும் பரப்புக்கு 10 விழுக்காடும் மதிப்பளித்தது. அதற்கு அடிப்படையாகக் கிடைத்ததும் 2011 எண்ணிக்கையே. இடைப்பட்ட காலத்தில் தொழிற்பேட்டைகளை ஒட்டிப் பெருத்த ஊராட்சிகளும், மழையற்று மக்கள் வெளியேறிய ஊராட்சிகளும் ஒரே பழைய அளவுகோலால் அளக்கப்பட்டு வந்தன.

மாதிரிக்கும் பட்டியலுக்கும் இடையே

புள்ளிவிவரம் வேறு, பெயர்ப்பட்டியல் வேறு. ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றிய அளவை, அதன் ஒரு சிறுபகுதியை மட்டும் ஆராய்ந்து கணிப்பது மாதிரி ஆய்வு. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வும், 2017–18 முதல் நடைபெறும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பும், தேசியக் குடும்ப நல ஆய்வும் இவ்வகையைச் சேர்ந்தவை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு 707 மாவட்டங்களில் 6,36,699 குடும்பங்களைச் சந்தித்தது. மாவட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 900 குடும்பங்கள். மாநிலத்தின் நிலையையும் ஓரளவு மாவட்டத்தின் நிலையையும் நம்பகமாகச் சொல்ல இது போதும். ஊராட்சியைப் பற்றி எதுவும் சொல்லப் போதாது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லோரையும் எண்ணுகிறது. ஆனால் 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் விவரங்களை இரகசியமாக வைக்கக் கட்டாயப்படுத்துகிறது. மக்கள் அச்சமின்றி உண்மையைச் சொல்ல இந்தப் பாதுகாப்பு தேவை என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும், மாதிரி ஆய்வு ஊரளவுக்கு இறங்காமலும், முழுக் கணக்கெடுப்பு பெயரளவுக்கு இறங்காமலும் நின்றுவிட, இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தை ஊரின் பதிவேடுகளே நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்தப் பதிவேடுகள் எவற்றைக் காண்கின்றன, எவற்றைக் காணத் தவறுகின்றன என்பதே உண்மையான கேள்வி.

நிலத்தின் ஏடு

வருவாய்த் துறையின் கிராமக் கணக்குகள் நிலத்தை மையமாகக் கொண்டவை. பரம்பரைக் கர்ணம் முறை 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் பதவி உருவான பிறகும் கணக்குகளின் கட்டமைப்பு பெரிதும் மாறவில்லை. ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் பசலி ஆண்டுக்கு, ஒவ்வொரு புல எண்ணிலும் என்ன பயிர் எவ்வளவு பரப்பில் விளைந்தது என்று எழுதும் அடங்கல், கிராமக் கணக்கு எண் 2. ஒருவர் பெயரில் உள்ள நிலங்களைத் தொகுத்துக் காட்டுவது சிட்டா. ஆண்டுதோறும் ஜமாபந்தியில், அதாவது வருவாய்த் தீர்வாயத்தில், இவை சரிபார்க்கப்படுகின்றன.

இக்கணக்குகள் நில உடைமையாளரின் பெயரைச் சுற்றியே அமைந்தவை. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கென்று 1969இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டபோதிலும், வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுவோர் பெருமளவில் அப்பதிவுக்கு வெளியே இருக்கின்றனர். குத்தகை எழுத்தில் ஏறினால் நிலம் கைவிட்டுப் போகும் என்று உடைமையாளர் அஞ்சுவதும், பதிவு கேட்டால் அடுத்த ஆண்டு நிலமே கிடைக்காது என்று குத்தகைதாரர் அஞ்சுவதும் இதற்குக் காரணம். வேளாண் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் நிலப் பதிவேடுகளிலிருந்து தொகுக்கப்படுவதால், இக்குறை அதற்குள்ளும் நுழைகிறது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பு மாநிலத்தில் 79.38 இலட்சம் கைப்பற்று நிலங்கள் இருப்பதாகவும் அவற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர் என்றும் காட்டியது. அந்நிலங்களில் உண்மையில் உழுபவர் எவர் என்பதை அந்த எண்ணால் முழுமையாகக் காட்ட முடியவில்லை. வெள்ள நிவாரணமும் பயிர்க் காப்பீடும் அடங்கலைச் சார்ந்திருப்பதால், பதிவில் விடுபட்ட குத்தகைதாரர் இழப்பீட்டிலும் விடுபடுகிறார்.

நிலமற்ற கூலித் தொழிலாளியின் நிலை இன்னும் விந்தையானது. நிலத்தை எழுதும் கணக்கில் அவருக்கு இடமில்லை. அவர் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தால் மட்டும், ஆக்கிரமிப்பாளர் என்ற முறையில் 'பி மெமோ' எனப்படும் அறிவிப்பின் வழியாக அவர் பெயர் வருவாய் ஏட்டில் ஏறுகிறது.

வேலையின் கணக்கு

கிராமத்தில் ஒருவர் என்ன வேலை செய்து பிழைக்கிறார் என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிராம அளவில் நான்கு வகைகளாக மட்டும் வெளியிடுகிறது: பயிரிடுவோர், வேளாண் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர், பிற தொழிலாளர். ஆண்டில் ஆறு மாதத்துக்குக் குறையாமல் உழைத்தவர் முதன்மைத் தொழிலாளர். குறைவாக உழைத்தவர் குறுந்தொழிலாளர். 2011இல் நாடு முழுவதும் பயிரிடுவோர் 11.88 கோடியாகவும் வேளாண் தொழிலாளர் 14.43 கோடியாகவும் இருந்தனர் என்ற முக்கியமான செய்தியை இந்த வகைப்பாடே தந்தது. ஆனால் தமிழகக் கிராமங்களில் நிகழ்ந்துவரும் பெரிய மாற்றம் விவசாயத்துக்கு வெளியே நிகழ்கிறது. நூற்பாலைக்கு வேன் ஏறும் பெண், கட்டடக் கொத்தனார், செங்கல் சூளைத் தொழிலாளி, தேநீர்க் கடைக்காரர், பள்ளி ஆசிரியர் ஆகிய அனைவரும் ஊரளவிலான அட்டவணையில் 'பிற தொழிலாளர்' என்ற ஒரே கட்டத்துக்குள் அடைக்கப்படுகின்றனர்.

பெண்களின் உழைப்பு வேறொரு வகையில் மறைகிறது. சொந்த மாட்டைப் பராமரிப்பதும், சொந்த வயலில் களையெடுப்பதும், வீட்டில் பீடி சுற்றுவதும் வேலை என்று கேள்வி கேட்பவருக்கும் தோன்றுவதில்லை, பதில் சொல்பவருக்கும் தோன்றுவதில்லை. 'வீட்டு வேலை' என்ற ஒற்றைப் பதிலில் அந்த உழைப்பு கரைந்துபோகிறது.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த நூறு நாள் வேலைத் திட்டம், ஊரளவில் பெயரோடும் நாளோடும் கூடிய அரிய தரவுக் களஞ்சியத்தை உருவாக்கியது. என்.எம்.ஆர். என்று வழங்கும் வருகைப் பட்டியல் பொதுப் பார்வைக்கு வந்ததும், சமூகத் தணிக்கையில் அது வாசிக்கப்பட்டதும் இந்திய உள்ளாட்சித் தரவு வரலாற்றில் புதுமை. எனினும் அது நடந்த வேலையின் கணக்கு. கேட்டும் கிடைக்காத வேலையின் கணக்கு அதில் இல்லை. வேலை கேட்பவருக்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு தரவேண்டும் என்பதும், பதினைந்து நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தரவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதிகள். நடைமுறையில் வேலை திறக்கப்படும்போதுதான் கோரிக்கை எழுதப்பட்டது; எனவே ஏட்டில் தேவையும் வழங்கலும் எப்போதும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரிந்தன. கணக்கில் வராத கோரிக்கைக்கு நிதி ஒதுக்கவோ படி வழங்கவோ வேண்டியதில்லை என்பதைக் கவனித்தால், சில இடைவெளிகள் ஏன் ஆண்டுக்கணக்கில் அப்படியே நீடிக்கின்றன என்பது புரியும்.

இடம்பெயர்வு எல்லாவற்றிலும் பெரிய இருட்டு. வேலைக்காக ஒரு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மிகாமலும் ஊரைவிட்டு வெளியே தங்குவதைத் தேசிய மாதிரி ஆய்வு குறுகிய கால இடம்பெயர்வு என்று வரையறுத்தது. கல்வராயன், ஜவ்வாது மலைகளிலிருந்து வெளி மாவட்டங்களுக்கும் அண்டை மாநிலத் தோட்டங்களுக்கும் செல்வோரும், முன்பணம் வாங்கிக் குடும்பத்தோடு கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் கரிமூட்டத்துக்கும் செல்வோரும் இந்த வரையறைக்குள் வருபவர்கள். அவர்கள் புறப்படும் ஊராட்சியிலும் போய்ச் சேரும் ஊராட்சியிலும் இதற்கென்று ஒரு பதிவேடு இருப்பதில்லை. பெற்றோருடன் சென்ற குழந்தை அங்கன்வாடிப் பட்டியலில் 'வருகை இல்லை' என்ற குறிப்பாக மட்டும் எஞ்சுகிறது. முன்பணம் கடனாக முற்றிக் கொத்தடிமை நிலைக்கு இட்டுச் செல்வதைத் தடுக்க 1976இல் சட்டம் வந்தும், மீட்பு நடவடிக்கைக்குப் பிறகுதான் அத்தொழிலாளர்களின் சொந்த ஊர் எதுவென்றே பல நேரங்களில் தெரியவருகிறது.

பிறந்த இடமும் வாழும் ஊரும்

பிறப்பு, இறப்புப் பதிவு போன்ற சீரான அமைப்பும் ஊராட்சிக்கு உதவாமல் போவதற்கு அதன் விதியே காரணமாகிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, நிகழ்வு நடந்த இடத்தில் பதிவு செய்யவேண்டும். தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. பொதுச் சுகாதாரத்தின் இந்தச் சாதனையின் பக்கவிளைவாக, கிராமத்துக் குழந்தைகளின் பிறப்பு மருத்துவமனை இருக்கும் நகரின் பதிவேட்டுக்குச் சென்றுவிடுகிறது. கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் வசிப்பிட அடிப்படையில் தாய்மார்களையும் குழந்தைகளையும் அறிந்திருந்தபோதும், அவர்களது பதிவுகள் தத்தம் துறையின் இணையதளத்துக்கும் செயலிக்கும் நேராகச் செல்கின்றன. தன் ஊரில் கடந்த ஆண்டு எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று கேட்கும் ஊராட்சித் தலைவருக்கு, மூன்று துறைகளிடமிருந்து மூன்று எண்கள் கிடைக்கக்கூடும். அவற்றை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை.

சராசரிக்குள் மறையும் தெரு

சமூக நிலை பற்றிய தரவில் உள்ள குறை இன்னும் ஆழமானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராம வசதிப் பட்டியல், ஒரு வசதி வருவாய்க் கிராமத்துக்குள் இருக்கிறதா என்று கேட்கிறது. இல்லையென்றால்தான் அதன் தொலைவைக் கேட்கிறது. பள்ளியும் துணைச் சுகாதார நிலையமும் ஊருக்குள் இருக்க, காலனி அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், பட்டியலில் 'உண்டு' என்ற பதிலே பதிவாகிறது. மயானம் உண்டா என்று கேட்கலாம். அதற்குச் செல்லும் பாதை யாருடைய வயல் வழியாகப் போகிறது, பிணத்தை எடுத்துச் செல்லும்போது தடுக்கப்படுகிறதா என்பதற்குக் கட்டம் இல்லை.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குக் குடிநீர் வழங்கிய மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. அதையடுத்து மாவட்ட நிர்வாகம் அப்பகுதிக்கு நேரில் சென்றபோதுதான் இரட்டைக் குவளை முறையும் கோயில் நுழைவு மறுப்பும் அதிகாரப்பூர்வமாக வெளிப்பட்டன. குடிநீர்த் தொட்டி உண்டு, குழாய் இணைப்பு உண்டு என்ற தரவுகளால் அந்த நிலையைக் காட்ட முடியவில்லை. தீண்டாமை காவல் நிலையத்தில் வழக்காக மாறும்வரை எந்த உள்ளாட்சி ஏட்டிலும் அது பதிவாவதில்லை.

இருளர், காட்டுநாயக்கர், பணியர் உள்ளிட்ட ஆறு பழங்குடிகள் தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளனர். வட மாவட்டங்களில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் சிதறி வாழும் இருளர் குடும்பங்கள் பலவற்றுக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவது நெடுங்காலப் போராட்டம். சான்றிதழ் இல்லாததால் திட்டம் எட்டவில்லை. திட்டம் எட்டாததால் பயனாளிப் பட்டியலில் பெயர் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாததால் அடுத்த திட்டத்தின் இலக்கு எண்ணிலும் அவர்கள் சேர்வதில்லை.

பட்டியல்களின் வரலாறு

பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள கிராமக் குடும்பங்களைக் கண்டறிய 1992, 1997, 2002ஆம் ஆண்டுகளில் கணக்கெடுப்புகள் நடந்தன. 2002 கணக்கெடுப்பு 13 குறியீடுகளுக்கு மதிப்பெண் இட்டுக் கூட்டியது. ஆயினும் பட்டியலின் அளவு, திட்டக்குழு முன்பே நிர்ணயித்த வறுமை மதிப்பீட்டுக்கு ஏற்ப ஒடுக்கப்பட்டது. வறியவரைத் தேடிய கணக்கெடுப்பு, எத்தனை வறியவர் கிடைக்கலாம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. இம்முறையை மறுஆய்வு செய்த என்.சி. சக்சேனா குழு 2009இல் தன் அறிக்கையை அளித்தது. அதன்பின் வந்த 2011 சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பு ஏழு வறுமைக் கூறுகளைக் கொண்டு குடும்பங்களை அடையாளம் கண்டது. 2015இல் வெளியான அதன் முடிவுகளின்படி நாட்டில் 5.37 கோடி கிராமக் குடும்பங்கள் நிலமற்றவையாகவும் உடலுழைப்புக் கூலியைச் சார்ந்தவையாகவும் இருந்தன. அதன் சாதி விவரங்கள் வெளியிடப்படவில்லை.

தமிழ்நாட்டில் 2005இல் தொடங்கிய புதுவாழ்வுத் திட்டம் வேறொரு முறையைக் கையாண்டது. ஊர் மக்களே கூடிக் குடும்பங்களை மிகவும் ஏழை, ஏழை, நடுத்தரம், வசதி படைத்தவர் என்று வகைப்படுத்தி, கிராம சபையில் ஒப்புதல் பெறும் 'மக்கள் நிலை ஆய்வு' அது. வருமானத்தைக் கேட்டால் மறைப்பவர்கள் உண்டு. அண்டை வீட்டாரின் நிலையை ஊர் அறியும் என்ற எளிய உண்மையை இம்முறை பயன்படுத்திக்கொண்டது. ஊரின் மேலாதிக்கம் ஆய்விலும் புகும் ஆபத்து இதற்கு உண்டு என்றாலும், பட்டியலை எதிர்த்துக் கேட்கும் இடமாகக் கிராம சபை இருந்தது குறிப்பிடத்தக்கது.

இப்பட்டியல்கள் அனைத்துக்கும் பொதுவான குறை, அவை தயாரான நாளோடு உறைந்துபோவது. 2011 பட்டியலில் விடுபட்டவர்களைச் சேர்க்க வீட்டுவசதித் திட்டத்துக்காக 2018 ஜனவரி முதல் 2019 மார்ச் வரை மீண்டும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டத்துக்கு எடுத்த குடிசைக் கணக்கெடுப்பை, 2024இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்காகத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு திட்டமும் ஊரைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறது.

மேல்நோக்கி மட்டும் ஓடும் தரவு

2017 முதல் மிஷன் அந்தியோதயா கணக்கெடுப்பு ஊராட்சிகளின் வசதிகளைத் தொகுத்து வருகிறது. 2025 ஏப்ரலில் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் வெளியிட்ட ஊராட்சி முன்னேற்றக் குறியீடு ஒன்பது கருப்பொருள்களில் 435 குறியீடுகளைக் கொண்டது; 2022–23க்கான சரிபார்க்கப்பட்ட தரவை 2,16,285 ஊராட்சிகள் அளித்திருந்தன. ஊராட்சிகளைத் தரவரிசைப்படுத்த இது உதவுகிறது. ஆனால் 435 குறியீடுகளை நிரப்பும் சுமை, குடிநீர் முதல் வரி வசூல் வரை அனைத்தையும் கவனிக்கும் ஊராட்சி செயலரின் தோளில்தான் பெரும்பாலும் இறங்குகிறது. அவர் பதிவேற்றும் விவரம் மாநிலத்துக்கும் தில்லிக்கும் சென்று மதிப்பெண்ணாகத் திரும்புகிறது. குடும்பவாரியாகவோ குக்கிராமவாரியாகவோ பயன்படுத்தத்தக்க ஆவணமாகத் திரும்புவதில்லை.

இதைக் கேள்வி கேட்க வேண்டிய மன்றமும் அடிக்கடி வெறுமையாகிறது. தமிழ்நாட்டில் 2016 இறுதியிலிருந்து 2019 இறுதிவரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகள் இல்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபின், அவ்விடங்கள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடவேண்டும் என்ற நல்ல ஏற்பாடு இருந்தாலும், அங்கு வாசிக்கப்படுவது பெரும்பாலும் நடந்த பணிகளின் பட்டியலும் செலவுக் கணக்குமே.

இருவேல்பட்டு கற்பிப்பது

ஓர் ஊரைத் தொடர்ந்து ஆராய்ந்தால் என்ன தெரியவரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நூறாண்டுச் சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, வடமலைபுரம், தூசி முதலிய ஊர்களில் ஆய்வைத் தொடங்கினார். இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள இருவேல்பட்டு 1930களிலும் 1961இலும் 1980களின் தொடக்கத்திலும் மறுஆய்வு செய்யப்பட்டது. 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மீண்டும் அங்கு சென்றனர். ஒரு பெருநிலக்கிழார் குடும்பத்தின் பிடி தளர்ந்ததையும், தலித் தொழிலாளர்கள் அக்குடும்பத்தைச் சாராமல் வெளி வேலைகளுக்குச் சென்றதையும் ஊரளவில் காண முடிந்தது அத்தொடர்ச்சியால்தான். குடும்பவாரியாக நிலம், கூலி, கடன், சாதி ஆகியவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்ததே அவ்வாய்வுகளின் வலிமை. அரசின் ஏடுகள் இந்நான்கையும் நான்கு அலுவலகங்களில் தனித்தனியே வைத்திருக்கின்றன.

அண்டை மாநிலமான கேரளம் இதை நிர்வாகமாகவே செய்து பார்த்தது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது ஊராட்சிகள் தத்தம் வளர்ச்சி அறிக்கையைத் தயாரித்தன. 2021–22இல் உள்ளாட்சிகளின் வழியாக நடந்த கள ஆய்வு மிகக் கடும் வறுமையில் இருந்த 64,006 குடும்பங்களைப் பெயரோடு கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் வகுத்தது. 2025 நவம்பர் 1 அன்று அந்த வறுமை நீங்கியதாக மாநிலம் அறிவித்தது. அதன் அளவுகோல்களையும் தரவையும் வெளிப்படையாக்கும்படி பொருளியலாளர்கள் கேட்டதும் நியாயமானது. கேரளத்தில் 941 கிராம ஊராட்சிகளே உள்ளன. அவை பெரியவை, பணியாளர் வலிமை கொண்டவை. சராசரி 3,000 பேர் கொண்ட தமிழக ஊராட்சி அதே பணியைத் தனித்துச் செய்ய இயலாது. ஊராட்சி ஒன்றிய அளவில் புள்ளியியல் உதவி தேவைப்படும்.

செய்யக்கூடியவை

முதலாவதாக, அதிகாரம் புதிதாகத் தேவையில்லை. 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம், மத்திய, மாநில அரசுகளோடு ஊராட்சிகளையும் நகராட்சிகளையும் புள்ளிவிவரம் திரட்டும் உரிமையுள்ள அமைப்புகளாக ஏற்றுள்ளது. அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் ஆளும்தான் ஊராட்சியில் இல்லை. ஊரின் ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்த மகளிர் சுய உதவிக் குழுவினரைப் பயிற்றுவித்து, உரிய ஊதியத்தோடு, ஆண்டுக்கு ஒருமுறை குடும்பப் பதிவேட்டைப் புதுப்பிக்கச் செய்யலாம்.

இரண்டாவதாக, அலகுகளை இணைக்கவேண்டும். 2027 கணக்கெடுப்பின் தொகுப்பு எண்களைத் தனிநபர் இரகசியத்துக்கு ஊறு இன்றி ஊராட்சிவாரியாகவும், இயன்றவரை குக்கிராமவாரியாகவும் வெளியிடுமாறு மாநில அரசு வலியுறுத்தலாம். அங்கன்வாடி, சுகாதாரம், பள்ளி, வருவாய்த் துறைகளின் ஊரளவுத் தொகுப்புகள் ஆண்டுதோறும் ஊராட்சிக்கு எழுத்தில் திரும்பி வரவேண்டும்.

மூன்றாவதாக, எவை பொதுவில் வாசிக்கத்தக்கவை, எவை காக்கப்பட வேண்டியவை என்ற வரையறை வேண்டும். வேலை நாள், வீடு ஒதுக்கீடு போன்ற பொதுப் பண விவரங்களைக் கிராம சபையில் வாசிப்பது ஊழலைத் தடுக்கும். நோய், கடன், குடும்பத் தகராறு பற்றிய விவரங்கள் வெளிப்பட்டால் வறியவருக்கே தீங்கு. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காரணம் காட்டிச் சமூகத் தணிக்கையை முடக்குவதும், வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் ஏழையின் அந்தரங்கத்தைப் பரப்புவதும் ஒருசேரத் தவிர்க்கப்பட வேண்டியவை.

நான்காவதும் முதன்மையானதுமான மாற்றம், எதைப் பதிவது என்பதில் இருக்கிறது. பயன்பெற்றோர் பட்டியலோடு விண்ணப்பித்து மறுக்கப்பட்டோர், வேலை கேட்டுக் கிடைக்காதோர், குத்தகைக்குப் பயிரிடுவோர், பருவத்துக்கு ஊரைவிட்டுச் செல்வோர், சான்றிதழ் இன்றி நிற்போர் ஆகியோரின் பதிவும் ஊராட்சியின் கட்டாயக் கடமையாகவேண்டும். அத்தகைய பதிவு அரசுக்கு வசதியானதன்று. மறுப்பை எழுதி வைத்தால் காரணம் சொல்லவேண்டும், தேவையை எழுதி வைத்தால் நிதி தேடவேண்டும், குத்தகையை எழுதி வைத்தால் உடைமையாளரின் சினத்தை எதிர்கொள்ளவேண்டும். இந்த அரசியல் விலையைக் கொடுக்காமல் செயலிகளையும் குறியீடுகளையும் பெருக்கிக்கொண்டே போனால், ஏற்கெனவே தெரிந்தவர்களைப் பற்றிய விவரம் மேலும் துல்லியமாகும். தெரியாதவர்கள் தெரியாதவர்களாகவே இருப்பார்கள். ஊராட்சிக்கு அடுத்து வரும் தேர்தலில் வாக்குக் கேட்போரிடம், சாலையும் தெருவிளக்கும் எப்போது வரும் என்று கேட்பதோடு, ஊரில் எந்தத் திட்டமும் எட்டாத குடும்பங்களின் பட்டியலை முதல் கிராம சபையிலேயே வைப்பீர்களா என்றும் வாக்காளர் கேட்கலாம். அதற்குச் சட்டத் திருத்தமோ தில்லியின் அனுமதியோ தேவையில்லை.